கஜபதி விட்ட கேமரா வாணம்

ஆவடி குவார்ட்டர்ஸில் கஜபதிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு குணம்: பயம். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வருவான். மகள் சாமுண்டீஸ்வரி இரண்டு தடவை தும்மினால் டிஸ்பென்சரி வரிசையில் முதல் ஆளாக நிற்பான். இடி இடித்தால் ரேடியோ, ஃபேன், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்வான். அவன் மனைவி பத்மாவுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. "இவரு பயந்து பயந்தே நம்பள நூறு வயசு வரிக்கும் வெச்சிருப்பாரு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் அவனுக்கு டர்னர் வேலை. பதினேழு வருஷ சர்வீஸ். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கேட்டில் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமல் தாண்டிப் போவார்கள். கஜபதி மட்டும் கேட்டுக்கு நூறடி முன்னாலேயே நின்று தன் பாக்கெட்டுகளைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வான். ஒரு தடவை, கை துடைக்கிற பஞ்சு வேஸ்ட் ஒரு விரற்கடை அளவுக்கு அவன் பேண்ட் பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டது. ஆளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய் கேட்டில் ஒப்படைத்தான். வாங்கிக்கொண்ட காவலர் அதை ஒரு குச்சியில் சுற்றிக் காதைக் குடைந்துகொண்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதன் கேமரா வைத்த ராக்கெட் ஒன்றைச் செய்து வானத்தில் விட்டான் என்றால் நம்புவது கஷ்டம்தான். எண்பத்தெட்டாம் வருஷம் தொழிற்சாலையின் பயிற்சிப் பள்ளி நூலகத்தில் பழைய பத்திரிகைகளைக் கழித்துப் போட்டார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டான். அதற்கும் ஒரு கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டுதான். அது ஏதோ வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகை. உள்ளே ஒரு பக்கத்தில் இடுப்புயர அட்டை ராக்கெட்டைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரர் நின்றார். பக்கத்தில் அந்த ராக்கெட் மேலே போய் எடுத்த படம். ஒரு வீட்டுக் கூரை, ஒரு ரோடு, மரத்தின் நிழல். அவ்வளவுதான். இங்கிலீஷ் அவனுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் கீழே டிராயிங் இருந்தது. டிராயிங் படிக்க அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அது ஏன் அவனை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. நான் நினைக்கிறேன், பதினேழு வருஷமாகத் தரையை அரைத்துக்கொண்டு போகிற டாங்கி வண்டிகளுக்கு உதிரிபாகம் கடைந்தவன் அவன். எவனோ போட்ட டிராயிங், எவனோ சொன்ன அளவு. அந்தப் பாகம் எந்த வண்டியில் எங்கே உட்காருகிறது என்றுகூட அவன் கண்ணால் பார்த்தது கிடையாது. தான் செய்த ஒரு பொருள் முழுசாக வேலை செய்வதை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்று மனுஷனுக்கு இருக்காதா?

ஆறு மாதம் பிடித்தது. துணிக்கடையில் பீஸ் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய்தான் உடம்பு. கல்யாணமுருங்கைக் கட்டை எடை குறைவு என்பதால் அதில் மூக்கு. வாலுக்கு மூன்று இறக்கை, மெல்லிய பிளைவுட்டில். பர்மா பஜாரில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேமரா வாங்கினான். குழாயின் பக்கத்தில் ஓட்டை போட்டு, லென்ஸ் சாய்வாகக் கீழே பார்க்கிற மாதிரி அதை வைத்தான். ராக்கெட் உச்சிக்குப் போய் மூக்கு கழன்றதும் ஒரு நூல் இழுக்கும். நூல் இழுத்ததும் பேனா ஸ்பிரிங் ஒன்று கேமராவின் பொத்தானை அமுக்கும். ஒரு தடவைக்கு ஒரு படம். கேமராவைப் பிடித்துக்கொள்ள ஒரு அலுமினிய வளையம் வேண்டியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் மச்சான் முனியன் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போய் அந்த வளையத்தைக் கடைந்துகொண்டான். தொழிற்சாலை லேத்தில் சொந்த வேலை செய்ய அவனுக்குத் தைரியம் வருமா?

பாராசூட் தைத்தது பத்மா. மாம்பழ மஞ்சளில் இருந்த தன் பழைய நைலக்ஸ் புடவையை வெட்டினாள்.

"இன்னாத்துக்கு இம்மாம் பெருசு? ஆளு குதிக்கப் போறானா?"

"கேமரா ஒடஞ்சா படம் பூடும். மெள்ள எறங்கணும்."

"சரி, அதுல நான் வுழுவனா?"

"எதுல?"

"படத்துலய்யா. கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு. அத்தோட சரி. நீயும் நானும் சேந்து வேற எதுல கீறோம்?"

கஜபதி அன்றைக்கே கேமராவின் சாய்வைக் கால் அங்குலம் மாற்றினான். கிளப்புகிற இடமும் படத்துக்குள் விழ வேண்டும் என்று.

உள்ளே வைக்கிற மருந்துக் குழாயைச் செய்து கொடுத்தவர் பூந்தமல்லியில் கோயில் திருவிழாக்களுக்கு வாணம் கட்டுகிற நாகப்பன். கஜபதி தன் தேவையைச் சொன்னபோது அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மேல போயி வெடிக்க வாணாமா?"

"வாணாம் நைனா. புஸ்ஸுன்னு மூடியத் தள்ளினாப் போதும்."

"பூவு கொட்ட வாணாமா? செவப்பு, பச்ச?"

"வாணாம்."

"சத்தமும் இல்ல, பூவும் இல்ல. அப்புறம் அத்த எவன் பாப்பான்?"

"அதுதான் நம்பளப் பாக்கும்" என்றான் கஜபதி. நாகப்பன் இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டினார். இருந்தாலும் நாலு குழாய் செய்து கொடுத்தார், விடும்போது தானும் வருவேன் என்ற நிபந்தனையோடு.

சென்னீர்குப்பத்துப் பக்கம் ஒரு காய்ந்த ஏரியில் மூன்று தடவை விட்டுப் பார்த்தார்கள். முதலாவது நூறடி போய்ச் சாய்ந்து முள்ளில் செருகிக்கொண்டது. இரண்டாவது நன்றாகப் போயிற்று. ஆனால் நூல் சிக்கிப் பொத்தான் அமுங்கவில்லை. மூன்றாவதில் படம் விழுந்தது. கழுவிப் பார்த்தால் வெறும் ஏரித் தரை, மூலையில் புள்ளியாக நாகப்பனின் குடை. அந்த மூன்றாவதை விட்ட அன்று பெங்களூர் ரோட்டில் போன போலீஸ் ஜீப் ஒன்று புகையைப் பார்த்துவிட்டு ஏரிக்குள் இறங்கி வந்தது.

"இன்னாய்யா அது, குண்டா?"

கஜபதி அடையாள அட்டையை எடுக்கப் போய் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினான். நாகப்பன்தான் குறுக்கே வந்து, "கோயில் வாணம் சார், கிர்த்திகைக்கு. சரியா போதான்னு பாக்கறோம்" என்று சமாளித்தார். ஜீப் போய்விட்டது. கஜபதிக்கு இரண்டு நாள் காய்ச்சல்.

இந்தக் காய்ச்சலில்தான் எல்லாக் கோளாறும் ஆரம்பித்தது. இனி வெளி இடம் ஆகாது என்று முடிவு செய்தான். தெரியாத ஊர், தெரியாத போலீஸ். தெரிந்த இடம் ஒன்று வேண்டும். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. தீபாவளிக்குக் குழந்தைகள் ராக்கெட் விடுவது அங்கேதான். எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். போகிப் பண்டிகை அன்று தெருவுக்குத் தெரு பாய், டயர், பழைய முறம் என்று எரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் புகையில் இந்தப் புகை யார் கண்ணில் படும்? மைதானத்தின் மேற்கு ஓரத்தில் தொழிற்சாலைச் சுவர் இருந்தது. பத்தடிச் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு. புகைப்படம் எடுக்கக் கூடாது என்று முப்பது அடிக்கு ஒரு போர்டு. அந்தப் போர்டுகள் சுவருக்கு அந்தப் பக்கத்தைப் பற்றித்தானே, நாம் எடுக்கப்போவது இந்தப் பக்கத்தை என்று தனக்குள் வாதாடிக்கொண்டான். ரோட்டு போலீஸுக்குப் பயந்து ராணுவச் சுவருக்கு அடியில் போய் நின்றவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

எண்பத்தொன்பதாம் வருஷப் போகி வெள்ளிக்கிழமை வந்தது. லீவு போட்டிருந்தான். நாகப்பனுக்கு அன்றைக்கு ஏதோ கோயில் வேலை, வர முடியவில்லை. மகளை முந்தின நாளே முகப்பேரில் இருக்கிற சித்தி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. காலை எட்டரை மணிக்குப் புகை கொஞ்சம் கலைந்து வெயில் வந்ததும், ராக்கெட்டைப் பாயில் சுருட்டி எடுத்துக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் மைதானத்துக்குப் போனார்கள். பாயை எரிக்கப் போகிறார்கள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

கஜபதி புகையைப் பார்த்தான். தெருக்களில் எரிகிற புகை எல்லாம் கிழக்கே, ரயில் பாதைப் பக்கம் சாய்ந்து போயிற்று. தொழிற்சாலை மேற்கே. நல்லதாகப் போயிற்று. ஐந்நூறு அடிக்கு மேலே காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை அவன் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை.

"தள்ளி நில்லு பத்மா. இன்னும் தள்ளி. இன்னும்."

"ரயில்வே ஸ்டேஷனாண்ட போயி நிக்கட்டா?"

தரையில் நட்ட கம்பியில் ராக்கெட்டைச் செருகித் திரியைப் பற்றவைத்தபோது மூன்று தீக்குச்சி வீணாயிற்று. நாலாவது பிடித்தது. ஓடி வந்து பத்மாவின் பக்கத்தில் நின்றான். சீறிக்கொண்டு கிளம்பியது. கோணாமல், சுற்றாமல், நேரே. அவன் செய்த எதுவும் இத்தனை ஒழுங்காக மேலே போனதை அவன் பார்த்ததில்லை. சின்னதாகி, கோடாகி, நின்றது. புஸ் என்ற சத்தம்கூடக் கேட்டது. மஞ்சள் பாராசூட் விரிந்தது.

"படம் வுழுந்துச்சிய்யா! தொறந்துகிச்சி!" என்று பத்மா புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

கஜபதியும் சிரித்தான். அரை நிமிஷம். அதற்குள் மஞ்சள் மேற்கே நகர ஆரம்பித்துவிட்டது. முதலில் அவன் நம்பவில்லை. புகை கிழக்கே போகிறது, இது மட்டும் எப்படி மேற்கே போகும்? ஓடினான். கீழே அவன் ஓட, மேலே அது மெள்ள, மெள்ள, அவன் கேட்டுக்கொண்ட மாதிரியே ரொம்ப மெள்ள இறங்கிக்கொண்டு, சுவருக்கு மேலே முப்பதடி உயரத்தில் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது.

போர்டுக்குக் கீழே நின்று மேல்மூச்சு வாங்கினான். தொழிற்சாலைக்குள் கேமரா. அதுவும் வானத்திலிருந்து.

"வா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள் பத்மா. "எவன் பாத்தான்? யாரு வுட்டதுன்னு எப்பிடித் தெரியும்? அதுல இன்னா நம்ப பேரா எழுதிகீது?"

அது அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, பத்மா கொடுத்த டீயை வாயில் வைக்கப் போனவன் அப்படியே தம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கருவி யாருடையது என்று குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஒவ்வொருவனும் தன் கருவிகளில் தன் டோக்கன் நம்பரை இரும்பு அச்சு வைத்துச் சுத்தியால் அடித்துக்கொள்வான். பதினேழு வருஷப் பழக்கம். கை தானாகச் செய்யும். முனியன் பட்டறையில் அந்த அலுமினிய வளையத்தைக் கடைந்து முடித்து, ஓரத்துப் பிசிறைத் தேய்த்து, அழகு பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த நம்பர் அச்சை எடுத்து ஒன்றொன்றாக அடித்திருந்தான்: நாலு, ஒன்று, இரண்டு, ஏழு.

பேர் எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. கஜபதி என்ற பேரில் தொழிற்சாலையில் மூன்று பேர் இருந்தார்கள். 4127 ஒருவன்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பொங்கல் வந்ததா என்று கேட்டால், வந்தது. பத்மா கோலம் போட்டாள், கரும்பு வாங்கினாள், பானை வைத்தாள். கஜபதி இரண்டாவது மாடிக்கு மேலே மொட்டைமாடியில் இருந்தான். அங்கிருந்து பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் வேலிக்காத்தான் புதர் தெரியும். சுவரிலிருந்து ஐம்பது கஜத்தில், ஒரு புதரின் உச்சியில், அவன் பெண்டாட்டியின் புடவை மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. மங்கின நிறமாக இருக்கக் கூடாதா! ஆவடிக்கே தெரிகிற மாதிரி ஒரு மஞ்சள்.

வேலை போய்விடும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போய்விடும். மகள் மார்ச்சில் பத்தாவது பரீட்சை எழுதவேண்டும், அதற்குள் ஜாமான்களை எங்கே கொண்டுபோய் இறக்குவது? வேலை போவதோடு நிற்குமா? உளவாளி என்று பிடித்துப் போட்டால்? பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கதவைத் தட்டியபோது குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தினான். அந்த வெளிநாட்டுப் பத்திரிகையைக் கிழித்துத் தண்ணீர் காய்ச்சுகிற அடுப்பில் போட்டான். கேட் பாஸையும் போட்டான். பிறகு, கேட் பாஸை எரித்தது தப்போ என்று அதற்கும் ஒரு மணி நேரம் பயந்தான்.

"நானே போயி சொல்லிடறேன்" என்று காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவான். 'மேன்மை தங்கிய ஐயா' என்று ஆரம்பித்து நாலு வரி போனதும் அடித்துவிடுவான்.

"வாய மூடிகினு கெட" என்றாள் பத்மா. "திங்கக்கெழம உள்ள போறே இல்ல? யாரும் பாக்காத நேரமா அத்த எடுத்து மண்ணுல பொதச்சிட்டு வந்துரு."

அவன் அவளைப் பார்த்தான். பஞ்சு வேஸ்ட்டைத் திருப்பிக் கொடுத்தவனைப் பார்த்து இப்படி ஒரு யோசனை. ஆனாலும் அதை ஞாயிற்றுக்கிழமை காலை வரை நெஞ்சில் வைத்துப் புரட்டிக்கொண்டுதான் இருந்தான். ஞாயிறு காலை மாடிக்குப் போய்ப் பார்த்தபோது புதரில் மஞ்சள் இல்லை.

காற்றில் விழுந்திருக்கும் என்றாள் பத்மா. இருக்கும் என்றான். இரண்டு பேரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. எப்போதும் எதற்கும் சிரிக்கிற பத்மா சாயங்காலம் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவளும் பயந்துவிட்டாள் என்று புரிந்தபோதுதான் அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் கேட்டைத் தாண்டினான். அவன் வேலை செய்கிற ஷாப் வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் ஆணி ஆணியாகப் பித்தளை டோக்கன்கள் தொங்கும். அவரவர் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. 4126 இருந்தது. 4128 இருந்தது. நடுவில் வெறும் ஆணி.

"செக்யூரிட்டி ஆபீஸ்ல கீது உன் டோக்கன்" என்றார் டைம்கீப்பர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

செக்யூரிட்டி அதிகாரி லட்சுமணன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். திருநெல்வேலிக்காரர். மேஜைமேல் ராக்கெட் கிடந்தது. இறக்கை ஒன்று ஒடிந்திருந்தது. பாராசூட்டை யாரோ அழகாக மடித்து வைத்திருந்தார்கள். அலுமினிய வளையத்தைத் தனியே கழற்றி ஒரு காகிதத்தின்மேல் வைத்திருந்தார்கள்.

"உக்காரும்" என்றார்.

கஜபதி உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

"சனிக்கிழமை சாயங்காலம் புல்லு வெட்டுற பொன்னியம்மா எடுத்துட்டு வந்து குடுத்தா. நேத்து போட்டோ செக்‌ஷன் ஆளை வீட்ல இருந்து கூட்டியாந்து ஃபிலிமைக் கழுவியாச்சு. இந்த வளையத்துல உம்ம நம்பர் இருக்கு."

"சார்…"

"நான் பேசி முடிச்சிருதேன். உம்ம ஃபைலைப் பார்த்தேன். பதினேழு வருஷத்துல ஒரு கரும்புள்ளி கிடையாது. பஞ்சு வேஸ்ட்டைத் திருப்பிக் கொண்டாந்து குடுத்த ஆளு நீருதானாம்ல? இங்க எல்லாரும் சொல்லிச் சிரிக்காங்க." அவர் சிரிக்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இங்க பாரும். என் சுவத்துக்கு மேல ஒரு கேமரா பறந்து வந்து ரெண்டு நாளு கிடந்துச்சுன்னு நான் மேல எழுதினா எனக்கும் நல்லதில்ல. நம்பரை எவன் வேணும்னாலும் அடிச்சிருக்கலாம். வெளிய எவனோ பொங்கலுக்கு வாணம் விட்டான், காத்துல உள்ள வந்து விழுந்துச்சு. அம்புட்டுதான். 'இது என்னுடையது அல்ல, இந்தப் படத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது' அப்படின்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வேலைக்குப் போம். நான் இதையெல்லாம் எரிச்சிருதேன்."

மூன்று நாளாகக் கஜபதியின் நெஞ்சில் கிடந்த பாறையை யாரோ தூக்கிவிட்டார்கள். இப்போது உட்கார்ந்தான். பேனாவைக் கையில் வாங்கினான். மகள் பரீட்சை எழுதுவாள். டிரங்குப் பெட்டி பரணுக்குத் திரும்பப் போய்விடும். கடவுளே, இந்த மனுஷன் நன்றாக இருக்கவேண்டும். 'இது என்னுடையது' என்பது வரை எழுதினான்.

"இரும். படத்தைப் பார்க்காம தெரியாதுன்னு எழுதக் கூடாது, முறை இருக்கு. ஒருக்கா பார்த்துரும்." லட்சுமணன் உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

கறுப்பு வெள்ளை. உள்ளங்கை அளவு. கஜபதி குனிந்து பார்த்தான்.

தொழிற்சாலை அதில் இல்லவே இல்லை. வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். அவன் தினமும் நடக்கிற தெருக்கள், யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. தெருவுக்கு ஒன்றாகப் போகிப் புகை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. தண்ணீர்த் தொட்டி ஒரு வட்டம், அதன் நிழல் அதைவிட நீளம். மூலையில் மைதானம். மைதானத்தில் இரண்டு பேர். ஒரு ஆள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் ஒரு பெண், கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அண்ணாந்திருக்கிறாள்.

எத்தனை நேரம் பார்த்தான் என்று தெரியவில்லை. லட்சுமணன் தொண்டையைக் கனைத்தார்.

"ஃபோகஸ் சரியா வந்துகீது சார்" என்றான் கஜபதி.

"என்ன?"

"ஆடல சார். மேல போயி நின்ன ஒடனே எடுத்துகீது. நூலு நீளம் சரியா இருந்துகீது." கையிலிருந்த பேனாவால் தண்ணீர்த் தொட்டியைத் தொடாமல் காட்டினான். "இத்தோட அளவு எனக்குத் தெரியும். இத்த வெச்சே எம்மாம் ஒயரம் போச்சின்னு கணக்கு போட்றலாம். ஒரு ஸ்கேல் கீதா சார்?"

லட்சுமணன் அவனையே பார்த்தார். "ஓய். நான் சொன்னது உமக்கு விளங்குச்சா இல்லையா?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. பயமும் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் காகிதத்தில் 'இது என்னுடையது' என்று நின்ற இடத்தில் அடுத்த வார்த்தையை எழுத அவனால் முடியவில்லை. ஒரு புள்ளி வைத்தான். அதன் கீழே, 'இந்தப் படம் நான் எடுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினான்.

லட்சுமணன் அதை இரண்டு தடவை படித்தார். "இனி நான் ஒண்ணும் செய்ய முடியாதுய்யா" என்றார். கஜபதி படத்தைக் கேட்டான். தர முடியாது என்றார். அது ஃபைலுக்குள் போனது. இன்னும் அங்கேதான் இருக்கும்.

பின்னால் விசாரணை நடந்ததும், படத்தில் தொழிற்சாலை இல்லாததால் போலீஸ் வரை போகாமல் தப்பியதும், ஒரு இன்கிரிமென்ட் வெட்டோடு நாலு மாதத்தில் அவன் வேலைக்குத் திரும்பியதும் வேறு சமாசாரம். அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவன் கையில் இருந்தது சஸ்பென்ஷன் ஆர்டர் மட்டும்தான்.

பகல் பதினொரு மணிக்குத் தெருமுனையில் அவன் வருவதைப் பார்த்ததுமே பத்மாவுக்குப் புரிந்துவிட்டது. துவைத்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னாய்யா சொன்னாங்க? வேல கீதா, பூட்ச்சா?"

"நீ வுழுந்துகீறே பத்மா" என்றான்.

"இன்னாது?"

"படத்துல. கொசுவத்தப் புடிச்சிகினு மேல பாத்துகினு நிக்கறே. பக்கத்துல நான் கீறேன். நம்ப தெரு மொத்தமும் கீது."

அவள் அவன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"என் மொகம் தெரிதா?"

படத்தில் அவள் தலை கடுகளவுதான் இருந்தது.

"தெரிது" என்றான்.